இஸ்திரி போட்ட கட்டு

முசம்பேசி மிஷன்
7 பிப்ரவரி 1999

அன்பு மகள் லோம்பேக்கு,

அப்பா எழுதுவது. மழைக்கு உன் அம்மாவின் முழங்கால் முனகுகிறது. என் வயிறு எதற்கும் முனகவில்லை, போட்டதையெல்லாம் வாங்கிக்கொள்கிறது. கூரை ஒழுகாத பக்கமாகக் கட்டிலை இழுத்துப் போட்டுச் சௌகரியமாகவே இருக்கிறோம். கிட்வேயில் நீயும் உன் வீட்டுக்காரரும் எப்படி இருக்கிறீர்கள்? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ரொம்பப் படுத்துகிறார்களா?

இங்கே ஆஸ்பத்திரியில் ஒரு சேதி. இனிமேல் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, துணியில் கட்டி, நீராவிச் சூட்டில் கிருமி கொல்லுகிற ஆட்டோகிளேவில் வைத்து எடுக்கிறவர்கள் எல்லோரும் சான்றிதழ் வைத்திருக்க வேண்டுமாம். அதற்குப் பன்னிரண்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். உயிரியலும் தேறியிருக்க வேண்டும். அதற்கு மேல் ஒரு வருஷப் படிப்பு. உன் அப்பன் ஒன்பதாம் வகுப்பு. "அத ரெண்டு தடவை படிச்சிருக்கேன், ஒரு தடவை படிச்சவங்கள விட எனக்குத்தானே கூடத் தெரியும்?" என்று மேட்ரனிடம் கேட்டுப் பார்த்தேன். அந்தம்மா சிரிக்கவில்லை.

ஆனால் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். பல காலமாக இதே வேலையில் இருப்பவனுக்குப் படிப்பை மன்னித்துவிடுவார்கள். வெளியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வருவார். அவர் கண் முன்னால் கழுவுவதிலிருந்து கருவிக் கட்டை எடுத்து அலமாரியில் வைப்பது வரை செய்து காட்டித் தேறினால் போதும். தேறாவிட்டால் மறுபடி சலவைக்கூடம். உனக்குத்தான் தெரியுமே, அங்கே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவனைத்தான் பழைய பாதிரியார் "கை சுத்தமான ஆள்" என்று இழுத்து வந்து ஆட்டோகிளேவ் முன்னால் நிறுத்தினார். இப்போது கோயிலில் பாதிப் பேர் என்னை டாக்டர் என்கிறார்கள். மீதிப் பேரை நான் திருத்துவதில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் வேர்க்கடலை விற்கிற மலாமாவை நினைவிருக்கிறதா? ஆபரேஷனில் பிறந்த பிள்ளை நன்றாக இருக்கிறது. அவளுக்குத்தான் காயம் சீழ் பிடித்து, கிறிஸ்துமஸ் முழுக்க வார்டில் கிடந்தாள். "தூசியில போய் உக்காந்தா வேற என்ன ஆகும்? சுத்தம்னா என்னன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று கண்டித்துவிட்டு வந்தேன். பாவம், தலையைக் குனிந்துகொண்டாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தை உரிய முறையில் சொல்.

அப்பா,
கிதியோன் முபாங்கா

•

கிட்வே
28 பிப்ரவரி 1999

அன்புள்ள அப்பாவுக்கு,

லோம்பே வணங்கி எழுதுகிறேன். நாங்கள் சுகம். அம்மாவின் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்களே கொடுத்தாலும் குற்றமில்லை.

அப்பா, உட்கார்ந்துகொண்டு படியுங்கள். வடக்கே இருக்கிற மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு இந்த வருஷம் தேர்வாளர் யார் தெரியுமா? உங்கள் மாப்பிள்ளைதான். நேற்று பட்டியலோடு வந்தார். உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் களி உருண்டை தொண்டையில் இறங்கவில்லை. "ஆளை மாத்துங்க, அது எம் மாமனார் ஊரு" என்று மேலிடத்தில் கேட்டிருக்கிறார். "அந்த ஊர்ல எல்லாருமே யாருக்காவது மாமனார்தான், போய்ட்டு வாய்யா" என்று சொல்லிவிட்டார்களாம்.

கல்யாணம் முடிந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. உள்ளழைப்புச் சடங்கு செய்து நீங்கள் அவரை இன்னும் வீட்டுக்குள் அழைக்கவில்லை. அதுவரை உங்கள் எதிரே நிற்கவோ முகம் பார்த்துப் பேசவோ கூடாது என்பதில் அவர் என்னைவிடக் கறார். எப்படித்தான் கேள்வி கேட்பாரோ!

எனக்குக் கொஞ்ச நாளாக ஒரு கிறுக்கு. கரும்பலகையில் எழுதிவிட்டு மிச்சச் சாக்கட்டியைக் கடித்துத் தின்ன வேண்டும்போல இருக்கிறது. அம்மாவிடம் சொல்லுங்கள். அம்மாவுக்குப் புரியும்.

உங்கள் மகள்,
லோம்பே

•

முசம்பேசி மிஷன்
21 மார்ச் 1999

அன்பு மகளுக்கு,

சாக்கட்டி விஷயத்தை வாசித்து முடிக்கும் முன்பே உன் அம்மா முழங்காலை மறந்து எழுந்து குலவை போட்டுவிட்டாள். பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்கள். "லோம்பே சுண்ணாம்பு திங்குறாளாம்" என்றேன். அவர்களும் குலவை போட்டார்கள். நீ சாக்கட்டியை விட்டுவிட்டு நல்லதாகச் சாப்பிடு. அரசாங்கச் சொத்து வேறு.

இன்னொரு விஷயத்துக்குத்தான் எனக்குக் குலவை வரவில்லை. போன தடவை உன் வீட்டுக்காரர் வந்தபோது மாமரத்துக்குப் பின்னால் குந்திக்கொண்டு, கல்யாணத் தூதர் கபாம்ப்வே மூலமாகத்தான் "மாமா சுகமா" என்று கேட்டனுப்பினார். நானும் திண்ணென்று திரும்பி நின்று "சுகம்" என்று சொல்லியனுப்பினேன். என் முகம் எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. என் செருப்பை நன்றாகத் தெரியும். அந்தச் செருப்பையும் வாசலிலேயே விட்டுவிட்டு, ஆபரேஷன் அறைக்குப் போடுகிற பச்சைக் கால்சட்டையோடு நான் அவர் முன்னால் நிற்க வேண்டும். அந்தக் கால்சட்டை யாரோ குள்ளனுக்குத் தைத்தது. முழங்காலுக்குக் கீழே எதையும் மறைக்காது. மாமனாரின் கெண்டைக்காலை மாப்பிள்ளை பார்த்ததாக எங்கள் வம்சத்தில் சேதி இல்லை.

கபாம்ப்வேயிடம் போய், "அய்யா, பரீட்சை நடக்கும்போது நடுவுல நின்னு கேள்வியையும் பதிலையும் மாத்தி மாத்திச் சொல்வீங்களா?" என்று கேட்டேன். "ஆட்டோகிளேவ் வெடிக்குமா?" என்றார். "வெடிக்காது." "அப்ப வர்றேன்."

இரவு படுத்தால் அதே கவலை. மறுபடி சலவைக்கூடத்துக்குத் தள்ளிவிட்டால் கோயிலில் எந்த வரிசையில் உட்காருவேன்? சிரிக்காதே.

அப்பா

•

முசம்பேசி மிஷன்
25 ஏப்ரல் 1999

என் மகளே,

தேறிவிட்டேன்! முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி மூச்சு வாங்கிக்கொண்டு மீதியை எழுதுகிறேன்.

கபாம்ப்வே தலைக்குத் தொப்பி மாட்ட மறுத்ததால் அவரை உள்ளே விடவில்லை. அதனால் நர்ஸ் பெண் ஒருத்தியை நடுவில் நிறுத்தினோம். உன் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "கருவியை ஏன் திறந்த வாக்கில் கழுவணும்னு கேளும்மா" என்பார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மடிப்புக்குள்ள ரத்தம் நிக்கும்னு சொல்லும்மா" என்பேன். எல்லாம் ஒரே அறைக்குள், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். கடைசியில் அந்தப் பெண், "நான் எதுக்கு நிக்கிறேன்? எனக்கே சான்றிதழ் குடுங்க" என்றாள்.

கழுவினேன். எண்ணினேன். கட்டினேன். ஆட்டோகிளேவில் வைத்து எடுத்தேன். கட்டின் மேல் ஒட்டியிருந்த நாடாவில் கோடுகள் கறுப்பாக மாறியிருந்தன, சூடு பட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு கட்டு மட்டும் அடியில் லேசாக ஈரம். அங்கேதான் உன் அப்பன் தன் கைவரிசையைக் காட்டினான். என் கரி இஸ்திரிப் பெட்டியை எடுத்து, பூப்போல நாலு இழுப்பு இழுத்துக் காய வைத்துவிட்டேன். நம் ஊரில் உள்ளாடைக்குக்கூட இஸ்திரி போடாமல் யார் உடுத்துகிறார்கள்? கொடியில் காய்கிற துணியில் அந்த ஈ முட்டை வைத்துவிட்டால் தோலுக்குள் புழு நெளியும். ஆட்டோகிளேவ் சூடு ஒன்று, இஸ்திரிச் சூடு ஒன்று, இரட்டைக் காவல். இத்தனை காலமாக நான் அப்படித்தான் செய்து வருகிறேன்.

உன் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். பிறகு ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண், "சார், அடுத்த கேள்வி?" என்றாள். "போதும்" என்றார். என் பக்கம் திரும்பாமலேயே "தேர்ச்சி" என்று எழுதினார். மாமனார்மேல் அவ்வளவு மரியாதை! சாப்பிடச் சொல்லியனுப்பினேன், பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார். பேருந்தோ மறுநாள்தான் இருந்தது.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? நன்றாகத் தூங்குகிறாயா?

அப்பா, சான்றிதழ் பெற்றவன்

•

கிட்வே
16 மே 1999

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைப் பள்ளியில் எல்லா டீச்சர்களுக்கும் வாசித்துக் காட்டினேன். கால்சட்டை இடத்தில் தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவரிடம்தான் ஒன்றும் பெயரவில்லை. "எப்படிச் செஞ்சாரு எங்கப்பா?" என்று கேட்டேன். "உங்கப்பா சுத்தமான மனுஷன்" என்றார். அத்தோடு சரி. அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தாலே சைக்கிளைத் துடைக்கப் போய்விடுகிறார். சைக்கிள் இப்போது கண்ணாடி மாதிரி இருக்கிறது.

நேற்று கிளினிக்கில் இடுப்பை அளந்தார்கள். அம்மாவின் இடுப்புதானாம் எனக்கும், சின்னது. பிள்ளை பெரிதாக வளர்ந்தால் ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்கிறார்கள். முதலில் அழுகை வந்தது. பிறகு யோசித்தேன். முதல் பிரசவத்துக்கு எப்படியும் அம்மா வீட்டுக்குத்தான் வரப்போகிறேன். அங்கே என் வயிற்றின் மேல் வைக்கிற கருவி எல்லாம் எங்கள் அப்பா கையால் கட்டி, எங்கள் அப்பா கையால் இஸ்திரி போட்டது. இந்த ஊரில் எந்தப் பெண்ணுக்கு அப்படிக் கிடைக்கும்? எனக்குப் பயம் போய்விட்டது. பள்ளியில் விடுப்பு கிடைத்ததும், ஜூலை கடைசியில் வருகிறேன்.

அம்மாவின் முழங்காலுக்கு என் முத்தம்.

லோம்பே

•

கிட்வே
20 ஜூன் 1999

அப்பாவுக்கு,

ஒரு மாதத்துக்கு மேலாகிறது, உங்களிடமிருந்து பதில் இல்லை. பேருந்துக்காரரிடம் கேட்டேன். "உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு, ஆனா பகடி பேச மாட்டேங்கிறாரு" என்றார். அதைக் கேட்டபிறகு எனக்குத் தூக்கம் இல்லை. அம்மாவுக்கு ஏதாவதா? உங்களுக்கா? ஒரு வரியாவது எழுதுங்கள்.

லோம்பே

•

முசம்பேசி மிஷன்
27 ஜூன் 1999

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சுகம். குளிர் அதிகம், அவ்வளவுதான். எழுதாததற்கு மன்னித்துக்கொள், வேலை.

தலைநகரில் படித்த சிஸ்டர் மும்பி என்று ஒரு அம்மா எங்கள் அறைக்குத் தலைவியாக வந்திருக்கிறார். வந்த வாரமே என் இஸ்திரிப் பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஏன் என்று கேட்காதே.

நான் யோசித்துப் பார்த்தேன். நீ பிரசவத்துக்கு இங்கே வர வேண்டாம். கிட்வேயில் பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள், பெரிய கட்டடம், எல்லாம் புதுசு. இங்கே மாட்டு வண்டிச் சாலையில் உன் வயிறு குலுங்குவானேன்? உன் அம்மாவை வேண்டுமானால் அங்கே அனுப்பிவைக்கிறேன்.

இன்னொன்று. மாப்பிள்ளையை உள்ளே அழைக்கும் சடங்கை ஜூலையிலேயே நடத்திவிடலாம் என்று இருக்கிறேன். சீக்கிரம்தான், தெரியும். கபாம்ப்வேயும் உன் அம்மாவும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். கோழி கொழுத்திருக்கிறது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் பின்வாசல் வழியாகப் போகிறேன். அந்தப் பக்கம் கொஞ்சம் முள். ஆனால் வேர்க்கடலைச் சத்தம் இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா

•

கிட்வே
6 ஜூலை 1999

அப்பாவுக்கு,

முதல் பிரசவத்துக்கு வராதே என்று எந்த அப்பா மகளுக்கு எழுதுவார்? கடிதத்தை இவரிடம் வாசித்துக் காட்டி, "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று அழுதேன். இஸ்திரிப் பெட்டி வரிக்கு வந்ததும் இவர் தட்டைக் கீழே வைத்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

ஈரமாக வந்த கட்டு கட்டே இல்லையாம். அதைப் பிரித்து, முதலிலிருந்து மறுபடி செய்ய வேண்டுமாம். இஸ்திரி போட்டால் ஈரம் போகும், கெடுதல் போகாதாம். நீங்கள் பெட்டியைக் கையில் எடுத்த அந்த நிமிஷமே பரீட்சையில் தோற்றுவிட்டீர்களாம். "மாமா, தப்பு" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்ததாம். "அந்த முகத்த நான் பார்த்ததே இல்ல லோம்பே. மொத மொதல்ல பார்க்குறப்ப அதையா சொல்றது?" என்கிறார். அதனால் சுவரைப் பார்த்துத் தேர்ச்சி என்று எழுதிவிட்டு வந்தார். அன்றிலிருந்துதான் சைக்கிள் துடைக்கிறார்.

நீங்களும் தெரிந்துகொண்டுவிட்டீர்கள், இல்லையா? அதனால்தான் வராதே என்கிறீர்கள்.

எனக்குக் கோபம், அப்பா. ஒருத்தர் சுவரைப் பார்த்தீர்கள், ஒருத்தர் ஜன்னலைப் பார்த்தீர்கள். அந்த இரண்டு மரியாதைக்கும் நடுவில் இருக்கிற மேஜையில் பெண்கள் வந்து படுக்கிறார்கள். நானும் படுக்கப் போகிறேன்.

நான் அங்கேதான் வருவேன்.

லோம்பே

•

முசம்பேசி மிஷன்
11 ஜூலை 1999

மகளுக்கு,

சுகம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை. இருந்தாலும், சுகமா?

ஆமாம், தெரிந்துகொண்டேன். சிஸ்டர் மும்பி வந்த மூன்றாம் நாள் நான் ஒரு கட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். "என்ன பண்றீங்க?" என்றார். ஈ, புழு, இரட்டைக் காவல் என்று என் பிரசங்கத்தைச் சொன்னேன். அந்தம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "கிதியோன் அய்யா, துணி ஈரமா இருந்தா வெளியில இருக்கிற கிருமி அது வழியா உள்ள நடந்து போயிடும். நீங்க காய வைக்கிறீங்க. திருடன் உள்ள போனப்புறம் கதவப் பூட்டுறீங்க" என்றார். பிறகு என் அலமாரியிலிருந்த எல்லாக் கட்டுகளையும் இறக்கிப் பிரித்துப் போட்டார். நானும் கூட நின்று பிரித்தேன். இஸ்திரி மடிப்புக் கலையாமல் எவ்வளவு அழகாக இருந்தன தெரியுமா?

டாக்டரிடம் போய் மலாமாவின் காயத்தைப் பற்றிக் கேட்டேன். "எதனாலன்னு யாராலயும் சொல்ல முடியாதுய்யா" என்றார். நான்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. நான் இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை. அவளைத் தூசிக்காகத் திட்டினது நான்.

உன் கடிதம் வந்தபோது, 'அப்பா கையால் இஸ்திரி போட்டது' என்று எழுதியிருந்தாயே, அந்தக் கடிதம், அதை மடித்து எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்பில் போட்டுவிட்டேன். அதற்கும் மன்னித்துக்கொள்.

சான்றிதழைத் திருப்பிக் கொடுக்கிறேன் என்று சிஸ்டரிடம் நீட்டினேன். "நான் வாங்க முடியாது. தேர்வாளர்தான் ரத்து பண்ணணும்" என்றார். தேர்வாளரோ என்னிடம் வாய் திறக்க முடியாதவர். நான் கேட்டாலும் "மாமா சுகமா" என்றுதான் பதில் வரும். அதற்காகத்தான் ஜூலையிலேயே உள்ளழைப்பு. சடங்கு முடிந்துவிட்டால் அவர் எனக்கு மகன். மகன் அப்பனின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லலாம். இந்த ஊரில் ஒரு மாப்பிள்ளையைத் தன்னைத் தோற்கடிக்கச் சொல்லி விருந்து வைத்து அழைக்கிற முதல் மாமனார் நானாகத்தான் இருப்பேன். அவரை அனுப்பிவை. உனக்கு இன்னும் விடுப்பு இல்லை, இப்போது அவரோடு வந்து போய் இரண்டு தடவை குலுங்காதே. மாதக் கடைசியில் வா.

வா என்றுதான் எழுதியிருக்கிறேன்.

அப்பா

•

முசம்பேசி மிஷன்
25 ஜூலை 1999

அன்பு மகளுக்கு,

நேற்று நடந்தது. உன் வீட்டுக்காரர் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் நாளைப் பேருந்தில் திரும்புகிறார். கொஞ்சம் அஜீரணம். முழுக் கோழியை அவர் முன்னால் வைத்தோம், உன் அத்தைமார் விடவில்லை.

பெண்கள் ஒவ்வொரு சட்டியாக மூடியைத் திறந்து காட்டி, புத்தி சொல்லி, பாடி முடித்தார்கள். கபாம்ப்வே அவரைக் கைப்பிடித்து வாசற்படியைத் தாண்ட வைத்தார். நான் பாயில் எதிரே உட்கார்ந்தேன். முதன்முதலாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார். உன் வீட்டுக்காரருக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு மச்சம் இருக்கிறதே, நீ ஏன் எனக்குச் சொன்னதில்லை?

"இன்னையிலேருந்து இவரு எம் மகன். எதையும் எம் மூஞ்சிக்கு நேரா சொல்லலாம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். "சரி மாப்பிள்ளை, ஏப்ரல்ல சொல்லாம விட்டதச் சொல்லுங்க."

அவருக்கு வியர்த்துவிட்டது. முகம் தன்னால் சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தது, "சுவரு வேணாம்" என்றேன்.

"மாமா…"

"ம்."

"நீங்க தேறல மாமா."

உன் பெரிய அத்தைக்குக் காது மந்தம். மாப்பிள்ளை ஏதோ பெரிய வார்த்தை சொல்லிவிட்டார் என்று நினைத்து நீளமாக ஒரு குலவை போட்டாள். அடுத்த நொடி எல்லாப் பெண்களும் சேர்ந்து போட்டார்கள். தெரு வரைக்கும் கேட்டது. கபாம்ப்வே என் காதில், "என்னய்யா சொன்னாரு?" என்றார். "நான் ஃபெயிலாம்." "அப்புறம் எதுக்குக் குலவை?" "நேரா சொன்னார்ல, அதுக்கு."

சத்தம் அடங்கினபிறகு உன் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு நானும்தான் தேறல மாமா." நான் கோழியின் ஈரலை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

இன்று காலை அவர் சிஸ்டர் மும்பி முன்னால் சான்றிதழை ரத்து செய்து கையெழுத்துப் போட்டார். தன்மேலும் ஒரு புகாரை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். அவர் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை. நாளை முதல் நான் சலவைக்கூடம். கோயிலில் கடைசி வரிசை நன்றாகத்தான் இருக்கிறது. கதவுப் பக்கம் காற்று வருகிறது.

நீ வா. உன் கட்டில் மழை படாத பக்கத்தில் இருக்கிறது.

அப்பா

•

முசம்பேசி மிஷன்
29 ஆகஸ்ட் 1999

மாப்பிள்ளை கசுபாவுக்கு,

மாமனார் கிதியோன் நேராக எழுதுவது. இந்தக் கடிதத்தை கபாம்ப்வே பார்க்கவில்லை. பார்த்தால், தன் வேலையும் போய்விட்டது என்று அழுவார்.

லோம்பே சுகம். தந்தி கிடைத்திருக்கும், பெண் குழந்தை. உங்கள் மச்சம் அதே இடத்தில். பெயர் வைக்கிறது உங்கள் பக்கத்து உரிமை. அதுவரை நாங்கள் "சாக்கட்டி" என்று கூப்பிடுகிறோம். காயம் காய்ந்துவிட்டது, தையல் பிரித்தாயிற்று. இதைத்தான் நீங்கள் முதலில் தேடுவீர்கள் என்று தெரியும். உங்கள் மேலதிகாரிகள் உங்களை எச்சரிக்கையோடு விட்டுவிட்டதாக லோம்பே சொன்னாள். மனபாரம் கொஞ்சம் இறங்கியது.

ஆபரேஷன் அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். லோம்பேயைத் தள்ளுவண்டியில் அறை வாசல் வரை கொண்டுவந்துவிட்டார்கள். கருவிக் கட்டை எடுத்த சிஸ்டர் மும்பி அடியில் தடவிப் பார்த்து, "ஈரம். வேற எடுங்க" என்று ஓரமாகப் போட்டார். வேறு கட்டு இன்னும் ஆறவில்லை. டாக்டர் கத்தினார். "அவ வலியில இருக்கா, என்னம்மா இது?" "இருக்கட்டும் டாக்டர். காத்திருக்கட்டும்." நான் எதிரே சலவைக்கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் மகள் முனகுகிறாள். இஸ்திரிப் பெட்டி என் பின்னால் சூடாக இருக்கிறது. பழைய நாளாக இருந்தால் ஓடிப்போய் நாலு இழுப்பு இழுத்து, எல்லோரையும் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருப்பேன். எத்தனை பேர் வயிற்றின் மேல் அப்படி நினைத்துக்கொண்டேனோ.

சாக்கட்டியின் துணிகளுக்கெல்லாம் இப்போது நான்தான் இஸ்திரி போடுகிறேன். இதில் ஈ மட்டும்தான் எதிரி, எனக்கு அதைத் தெரியும். இதற்குத் தேர்வாளர் யாராவது வந்தால் தைரியமாக அனுப்புங்கள்.

அடுத்த வருஷம் மறுபடி பரீட்சை உண்டு என்றால் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். நீங்களே வர வேண்டும். சுவர் இல்லாத பக்கமாக நான் நிற்கிறேன்.

நேற்று ஒரு காரியம் நடந்தது. லோம்பேயிடம் இன்னும் சொல்லவில்லை. பல வாரத்துக்குப் பிறகு முன்வாசல் வழியாகப் போனேன். மலாமா கடலை வறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, இரண்டு கையாலும் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "தாத்தாவாயிட்டீங்களாமே! இந்தாங்க, பால் கொடுக்கிற புள்ளைக்கு. காசெல்லாம் வேணாம்." வாங்கிக்கொண்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "மகளத் தூசியில மட்டும் உக்கார விடாதீங்க அய்யா. அன்னைக்கு நீங்க சொல்லித்தான் எனக்கே தெரியும்" என்றாள்.

மாப்பிள்ளை, அந்த வாசலில் பார்ப்பதற்குச் சுவர் இல்லை. முகம் பார்க்க வெட்கப்பட்டவனை அழைத்துவந்து உட்கார வைக்கிற சடங்கு உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது. அவளுக்கும் எனக்கும் நடுவில் அப்படி ஒன்றும் கிடையாது. அதனால் நானே கடலைச் சாக்குக்குப் பக்கத்தில், அவள் உட்காருகிற அந்தத் தூசியிலேயே உட்கார்ந்தேன்.

"மலாமா, அது தூசி இல்லம்மா" என்று ஆரம்பித்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மகளைப் பார்க்கச் சீக்கிரம் வாருங்கள்.

உங்கள் மாமனார்,
கிதியோன் முபாங்கா,
சலவைக்கூடம்